கூடுதலாய் இருந்த இரண்டு வரி

இன்று காலை பல்லாவரத்து அச்சகத்திலிருந்து பிழை பார்க்க புரூஃப் வந்தது. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மை வாசனை போகாமல். உனக்கு அந்த வாசனை பிடிக்கும். சபைப் பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் பிரித்து மூக்கருகே வைத்துக்கொள்வாய், பிறகுதான் படிப்பாய். இன்று நானும் அப்படி முகர்ந்து பார்த்தேன். உடனே சுருட்டி ஓரமாக வைத்தேன்.

வந்திருப்பது பத்திரிகை இல்லை, சின்னப் புத்தகம். இத்தனை வருடமாக நான் எழுதிவரும் மருத்துவப் பக்கத்தில் வாசகர்களுக்கு ரொம்பப் பிடித்தவற்றைத் தொகுத்துப் போடுகிறார்கள். ஆலயத்தின் வாசலில் பெட்டி வைத்து, பிடித்த கட்டுரையைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். எது முதலில் வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? உப்புக் கட்டுரைதான். உன்னைக் கொன்ற உப்பு.

கொன்ற என்று எழுதிவிட்டேன். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாத வார்த்தை. உன்னிடம் சொல்வதில் ஆபத்து இல்லை, நீ திருப்பிக் கேட்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பாய். உன் வாய் லேசுப்பட்ட வாயா?

நம் இருவருக்கும் அந்த வாய்தான் பொருத்தமே. ஒரே பள்ளியில் நான் உயிரியல் டீச்சர், நீ அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஆசிரியர் அறையில் யார் என்ன புடவை கட்டினார்கள், யார் யாரைப் பார்த்து எதற்குச் சிரித்தார்கள் என்று மதியச் சாப்பாட்டோடு சேர்த்து மென்று தின்றோம். ஓய்வு பெற்ற பிறகு சபையில் அதே வேலையைத் தொடர்ந்தோம். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பாடுவதுபோல் உதட்டை அசைத்து ஊரை வம்பளக்க உன்னால் மட்டும்தான் முடியும். நாம் நல்ல பெண்கள் இல்லை. அதனால்தான் அவ்வளவு நெருக்கமாக இருந்தோம்.

மருத்துவப் பக்கம் எனக்குக் கிடைத்தபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ரிட்டயர் ஆனாலும் சாக்பீஸை விட மாட்டேங்கறியேடி." பிறகு நீதான் அதன் முதல் அடிமை. நான் கட்டுரை எடுக்கும் விதம் உனக்குத் தெரியும். வெளிநாட்டு மருத்துவ இதழ்கள் எல்லாம் இணையத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன, இந்த மாதம் அதிகம் பேர் படித்தவை என்று. அதில் மேலே இருப்பதை எடுப்பேன். உலகமே விழுந்து விழுந்து படித்தது நம் தாம்பரம் சபைக்கும் பிடிக்கும் என்று என் கணக்கு. தமிழில் எளிமையாக எழுதி, கடைசியில் வீட்டில் செய்யக்கூடியதாக ஒன்றைச் சொல்லி முடிப்பேன். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடக்கலாம். ஒரே இடத்தில் உட்காராமல் எழுந்து எழுந்து நிற்கலாம். ஜனங்களுக்கு அதுதான் வேண்டும்.

நீ எல்லாவற்றையும் செய்தாய். நடக்கச் சொன்னால் நடந்தாய், நிற்கச் சொன்னால் நின்றாய். கோவிலம்பாக்கத்து ஃப்ளாட்டில் மொட்டை மாடியை நீ சுற்றியதில் கீழ் வீட்டுக்காரர் புகார் சொன்னார். "எழுதறது நீ, முட்டி வலி எனக்கு," என்று போனில் கத்துவாய். மாதம் ஒரு சனிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதும் நீதான். என் குரல் கரகரப்பு, உன் குரல் கணீரென்று இருக்கும். நீ வாசித்தால் நான் எழுதியது எனக்கே உண்மையாகத் தெரியும்.

உன் சிறுநீரக விஷயத்தை நீ சொன்ன இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய நாற்காலிகள் குவித்து வைத்திருந்த கடையில், ஒன்றில் உட்கார்ந்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாய். "கிரியேட்டினின் ஏறிப்போச்சாம். சுகர் கிட்னியத் தின்னுடுச்சுன்றாரு டாக்டர். டயாலிசிஸ் இப்போ வேணாமாம். தள்ளிப் போடலாம்னு சொல்றாரு." நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். நீ கையைப் பிடித்து அழுத்தினாய்.

"உனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். சர்ச்சுல மூச்சு விட்ட, அவ்ளோதான். ஜெபக்குறிப்புல பேர் வந்துச்சுனா அடுத்த வாரமே துக்க வீட்டுக்கு என்ன புடவை கட்றதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவாளுங்க."

உண்மைதான். நாமும் யோசித்திருக்கிறோம். எத்தனை பேருக்காகப் பீடத்திலிருந்து ஜெபக்குறிப்பு வாசித்தபோது, நீயும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இது தாங்காது, இது தாங்கும் என்று கண்ணாலேயே பந்தயம் கட்டியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் உன் பெயர் வரக் கூடாது என்று நீ பயந்ததில் நியாயம் இருந்தது. நான் சத்தியம் செய்தேன், காப்பாற்றினேன். அதை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

பிறகு உப்பு வந்தது. பட்டியலின் உச்சியில் இருந்த கட்டுரை. சமையல் உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் உப்பைச் சேர்த்தால் இரத்தக் கொதிப்பு இறங்குகிறது, பக்கவாதம் குறைகிறது என்று சொன்னது. முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைத்தது. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுவதுதான் என் வழக்கம், அந்த முறை ஆசையாய்க் கடைசி வரை படித்தேன். யாரை ஆய்வில் சேர்க்கவில்லை என்ற பத்தியையும் படித்தேன். படித்து, தமிழில் எழுதியும் வைத்தேன்: "சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் உடலில் பொட்டாசியம் தங்கிவிடும் என்பதால் இந்த உப்பைத் தொடவே கூடாது." கச்சிதமாக வந்திருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட நீ நினைவுக்கு வரவில்லை. பள்ளியில் பாடப் புத்தகத்தை எழுதிப்போடுவதுபோல் எழுதினேன்.

அச்சகக்காரர் போன் செய்தார். "மேடம், ரெண்டு லைன் கூடுது. கீழ பர்த்டே லிஸ்ட் கீது. அதுல இருந்து ரெண்டு பேரை எடுத்துட்டா கரெக்டா ஒக்காந்துரும்."

பிறந்தநாள், திருமண நாள் பட்டியலில் கை வைப்பதா? ஒருமுறை பொருளாளரின் பேத்தி பெயர் விட்டுப்போய், அந்தக் குடும்பம் மூன்று மாதம் வேறு ஆலயத்துக்குப் போனதை மறக்க முடியுமா? போதகரே வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார். எனக்கு அந்த வம்பு வேண்டாம். மேலும் கட்டுரை நல்ல செய்தியோடு முடிவதுதான் அழகு, "தொடவே கூடாது" என்று முடிந்தால் ருசி கெட்டுவிடும் என்று தோன்றியது. "என் பக்கத்துல கடைசி ரெண்டு வரியை எடுத்துடுங்க," என்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கிவிடும் என்ற அவசரம். பால் பொங்கவில்லை. சரியான நேரத்தில் இறக்கிவிட்டேன்.

அறுப்பின் பண்டிகைக்குப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து என்ன விற்கலாம் என்று பேச்சு வந்தபோது யாரோ அந்த உப்பைச் சொன்னார்கள். கடையில் மொத்தமாக வாங்கி, பிரித்துச் சின்னச் சின்னக் கவர்களில் கட்டினோம். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது, அந்தப் பாக்கெட்டுகளெல்லாம் குப்பைக்குப் போயின. ஒவ்வொரு கவரிலும் என் பக்கத்தின் நகலை வைத்து ஸ்டேப்ளர் அடித்தோம். நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து அடித்தாய். ஸ்டேப்ளர் உன் விரலில் ஏறி, நீ ஊதிக்கொண்டாய், நான் சிரித்தேன்.

பண்டிகையன்று பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவே நம் மேசை. நீ மைக் பிடித்துக் கட்டுரையை வாசித்தாய். கேட்டவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். நீ இரண்டு கவர் எடுத்தாய். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே போதகரின் மனைவியிடம், "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துப் பாராட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிக் கடையில் நீ பிடித்த அதே கை. அப்போதும் உறைக்கவில்லை. ஒரு நொடி, ஒரு சின்ன உறுத்தல், எதுவுமே இல்லை. உறுத்தியும் விட்டுவிட்டேன் என்றாலாவது என்னைக் கெட்டவள் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த மரியாதையும் இல்லை.

அதன் பிறகு சில வாரங்கள். காலில் பலம் இல்லை என்றாய். படி ஏறினால் தொடை கனக்கிறது என்றாய். "வயசாகுதுடி, மாடியச் சுத்தினது போதும்," என்று நானே மருத்துவம் சொன்னேன். இதயம் எகிறி எகிறி விழுகிறது என்று ஒருநாள் சொன்னபோது, "இந்த வயசுல யாரைப் பாத்து?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதுதான் உன்னிடம் நான் கடைசியாகக் கேட்ட சிரிப்பு. அடுத்த புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தவள் கட்டிலருகே சரிந்தாய்.

நான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு வருவதற்குள் முடிந்திருந்தது. உன் கணவர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி. டாக்டர் சின்ன வயசுப் பெண், களைத்திருந்தாள். "பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு சார், ஹார்ட் நின்னுடுச்சு. இளநீர், பழ ஜூஸ், நாட்டு மருந்து ஏதாவது எடுத்தாங்களா?"

"ஒண்ணுமே இல்லம்மா. ரொம்பக் கட்டுப்பாடு. உப்புகூட நல்ல உப்புதான்," என்றார் அவர்.

அவள் எதுவோ எழுதிக்கொண்டு உள்ளே போனாள். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் எடுக்கச் சொன்ன அந்த இரண்டு வரியை அந்தத் தாழ்வாரத்திலேயே ஒரு எழுத்து பிசகாமல் சொல்லியிருக்க முடியும் என்னால். நான் உன் கணவரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

அடக்க ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். நீ சொன்னது அப்படியே நடந்தது. பக்கத்தில் நீ இருந்திருந்தால் யாருடையது புதுசு என்று சொல்லியிருப்பாய். எனக்கு உன்னைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பெட்டிக்குள் இருந்த உன்னைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அழுகை அப்போதுதான் வந்தது.

அந்த வாரமே வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். "உப்புல ஈரம் எறங்கிடுச்சு, பூச்சி வந்துருக்கு, கொட்டிடுங்க," என்றேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. டீச்சர் எவ்வளவு பொறுப்பு என்று ஐக்கியச் செயலாளர் மெச்சினார். திருத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த மாதப் பத்திரிகையில் என் பக்கத்துக்கு எதிரில் உன் படம் வந்தது, அதற்கு நேராக நான் எப்படித் திருத்தம் போடுவேன்?

இப்போது புத்தகம் வருகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெளியீடு. முதல் பிரதி உன் கணவர் கையில். ஏனென்றால் உப்புக் கட்டுரையைத் தன் குரலால் பிரபலமாக்கியவள் நீ என்று போதகர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு வரி இல்லாமல் புத்தகமாகப் போனால் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகுமோ, எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்குமோ. ஆகவே வரியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அவர் படிப்பார். படித்தால் புரிந்துகொள்வார், மறைமலை நகர் கம்பெனியில் முப்பது வருடம் எந்தப் பழுது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கும் வேலை பார்த்த மனிதர். அச்சில் பார்ப்பதற்கு முன் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நேற்று மதியம் கோவிலம்பாக்கம் போனேன்.

கதவைத் திறந்ததும், "வாங்க டீச்சர், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டீங்க, விட மாட்டேன்," என்றார். சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். சாதம், ரசம், அவரைக்காய்ப் பொரியல். சமையலறைக் கதவில் என் பக்கம் ஒட்டியிருந்தது, செல்லோடேப் மஞ்சளாகி. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி," என்றார். "பிபி நார்மல். போன வாரம் டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்திட்டார். அதே உப்புதான் டீச்சர், கடையில கெடைக்குது, நான் விடவே இல்ல. நீங்க எழுதினது நூத்துக்கு நூறு."

அவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கட்டுரை பொய் சொல்லவில்லை. அதில் எழுதியிருந்தபடியே அவர் உடம்பில் நடந்துகொண்டிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். "அண்ணா, அந்த உப்பப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு..."

அவர் ரசக் கரண்டியைப் பிடித்தபடி சிரித்தார். "அவ அதைச் சேத்துக்க நான் மொதல்ல பயந்தேன் டீச்சர். டாக்டர் உப்பைக் குறைக்கணும்னு சொன்னாரே தவிர இந்த மாதிரி உப்பைப் பத்தி அவர்கிட்ட கேக்கலியே. கேட்டுக்கலாம்டின்னு சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'என் கிட்னி விஷயம் வெளியில தெரிஞ்ச ஒரே ஆளு அவ. எனக்கு ஆகாததா இருந்தா அவ எழுதுவாளா?'ன்னா. அவ்ளோ நம்பிக்கை உங்க மேல."

அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பெருமைப்படுத்திவிட்ட சந்தோஷமும் அதில் இருந்தது. என் தட்டில் ரசம் ஊற்றினார்.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லண்ணா. புத்தகத்துல முதல் கட்டுரையே அதுதான்னு சொல்ல வந்தேன்."

"அப்படியா!" என்றார். பிறகு, "உப்பு சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு," என்றேன். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? மொட்டை மாடியில் எத்தனை சுற்று என்பதற்கெல்லாம் போன் செய்தவள், இதற்குச் செய்திருக்கலாமே? ஒரே ஒரு தரம், "இது எனக்கு ஆகுமாடி?" என்று கேட்டிருந்தால், அந்தப் பத்தி என் நினைவுக்கு வந்திருக்கும். நீ கேட்கவில்லை. உன்னை நினைத்துத்தான் நான் எழுதுகிறேன் என்று நீயாக முடிவு செய்துகொண்டாய். யாரையும் சுலபத்தில் நம்பாதவள், ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காமல் பழித்தவள், போயும் போயும் என்னை நம்பினாய். அந்த நம்பிக்கையைத்தான் நான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். ஆலயத்தில் உன் இடம் காலியாக இருக்கிறது, பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் பேச ஆள் இல்லை, அதெல்லாம் பழகிவிட்டது. "அவ எழுதுவாளா" என்ற உன் குரல் மட்டும் பழகவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். எழுதினேன்.

இன்று காலை புரூஃபில் அந்த இரண்டு வரியையும் சிவப்புப் பேனாவால் எழுதி, போனில் படம் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அச்சகக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க சேக்கச் சொன்னத சேத்தா ரெண்டு லைன் கூடுது. பேஜ் தாண்டிப் பூடும். வேற எத்தையாவது எடுக்கணும்."

பக்கத்தைப் பார்த்தேன். மேலே தலைப்பு. அதன் கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். அதற்கும் கீழே, ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. சரியாக இரண்டு வரி.

"என் பேரை எடுத்துடுங்க. கீழ இருக்கிறதையும்."

"பேரையா மேடம்?" அவர் நம்பவில்லை. "அவனவன் பேரைப் பெருசா போடு, போட்டோ போடுன்னு பேஜார் பண்றான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். எடுத்துடுங்க."

"பெரிய மனசு மேடம் உங்களுக்கு," என்றார்.

நன்றி சொன்னேன்.